மேடைக்கு வாடகை தருவது யார்?

நவம்பர் மாதத்துக் கடைசி. வேல்ஸ் நாட்டில் அந்தப் பருவத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் காற்று முகத்தை அறுக்கும். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே குந்தியிருக்கவே எவரும் விரும்புவர். அந்த நேரத்தில், கருமலைத் தொடர் என்று அவர்கள் அழைக்கும் மலைகளின் அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரிலே, கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு, நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எதற்காக? கூத்துப் பார்க்கவா? பந்தயம் பார்க்கவா? அல்ல, தோழர்களே! ஓர் எழுத்தாளர் மேடையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசப் போகிறார், அதைக் கேட்க!

அந்த ஊரின் பெயர் ஹே-ஆன்-வை. வை என்னும் ஆற்றின் கரையில், வேல்சும் இங்கிலாந்தும் கைகோக்கும் எல்லையில் இருக்கிறது. மக்கள் தொகை 2,000-ஐ எட்டாது. ரயில் கிடையாது, 1962-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஹியர்போர்டு நகரில் இறங்கி, ஏறத்தாழ இருபது மைல் சாலை வழியே வர வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் இலக்கியப் பெருவிழாவுக்கு உலகமே திரண்டு வருகிறது. நவம்பர்க் கடைசியில் குளிர்கால விழா என்று இன்னொன்றும் நடக்கிறது. பெருவிழா வயல்வெளிக் கூடாரங்களில் நடக்கும் திருவிழா; குளிர்கால விழா ஊருக்குள்ளேயே, சின்னஞ்சிறு அரங்குகளில், அண்டை வீட்டார்போல் நெருங்கி உட்கார்ந்து கேட்கிற விழா.

நாம் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனால் அந்த ஊரின் கதை நமக்கு வேண்டிய கதை. கூட்டம் போடுகிறவர்கள் நாம்; மேடை கட்டுகிறவர்கள் நாம்; பேச்சாளரைக் கூப்பிடுகிறவர்கள் நாம்; தரையில் உட்கார்ந்து நள்ளிரவு வரை கேட்கிறவர்களும் நாம். எனவே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்குள் நுழைவோம். அந்த மேடைக்கு வாடகை தருவது யார்?

பழைய புத்தகத்தால் பிழைத்த ஊர்

விழா தோன்றியது 1988-ல். அதற்கு முன்பே அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ரிச்சர்டு பூத் என்பவர். 1962-ல், பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் அவர் பழைய புத்தகக் கடை திறந்தார். ரயில் நின்ற அதே ஆண்டு! இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேறிக்கொண்டிருந்த காலம். 'இந்தக் குக்கிராமத்தில் புத்தகம் வாங்குவது யார்?' என்று ஊரார் சிரித்தார்கள். அவரோ அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களிலிருந்து கப்பலில் புத்தகம் இறக்கினார். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. புத்தகக் கடைகளே ஊராகி, ஊரே புத்தகக் கடையாகிவிட்டது.

1977-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்த மனிதர் ஒரு வேடிக்கை செய்தார். 'ஹே இனித் தனி நாடு. நானே அரசன்' என்று முழங்கினார். தம் குதிரையைப் பிரதம மந்திரி ஆக்கினார். முட்டாள்கள் தினத்துக் கேலிதான். ஆனால் கேலிக்குள்ளே ஒரு குத்தல் இருந்தது. தலைநகரத்து அதிகாரிகள் தீட்டும் திட்டம் எங்கள் ஊரை வாழ வைக்காது, எங்கள் ஊரை நாங்களே வாழ வைத்துக்கொள்வோம் என்கிற குத்தல். செய்தித்தாள்கள் எழுதின, பார்க்க வந்தவர்கள் புத்தகம் வாங்கிப் போனார்கள். பூத் 2019-ல் மறைந்தார். ஊர் நிலைத்தது.

இந்த மண்ணில்தான் 1988-ல் பீட்டர் பிளாரன்ஸ் என்ற இளைஞரும் அவருடைய பெற்றோரும் இலக்கிய விழாவைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் வந்தார். அழைப்பைக் கேட்டதும், 'ஹே-ஆன்-வையா? அது என்ன, தின்பண்டமா?' என்கிற பாணியில் அவர் கேட்டதாக இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 2001-ல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் கிளிண்டன் வந்தார். நாடக ஆசிரியர் வந்தார், நாட்டை ஆண்டவர் வந்தார். பிறகு கேட்க வேண்டுமா? விளம்பரக்காரர்களும் வந்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

நடைமுறை இதுதான். மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் எழுத்தாளர், மற்றொன்றில் கேள்வி கேட்பவர். சிறிது நேரம் உரையாடல், சிறிது வாசிப்பு, கடைசியில் கூட்டத்தாரின் கேள்விகள். மணி அடித்தாற்போல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். அடுத்து, புத்தகக் கடைக்கு ஓட்டம். வாங்கிய புத்தகத்தில் கையொப்பம் பெற இன்னொரு வரிசை. ஒரு பேச்சுக்கு ஒரு சீட்டு. அடுத்த பேச்சுக்கு அடுத்த சீட்டு. நாள் முழுவதும் கேட்க வேண்டுமானால் அத்தனை சீட்டும் வாங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருவிழாவின்போது கட்டணமில்லாத நாட்கள் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம்.

'ஒரு பேச்சுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா? பேச்சு காற்றோடு போகிற சரக்குத்தானே?' என்று உதட்டைப் பிதுக்குவோர் எங்கும் உண்டு. அவர்களுக்கு வேல்ஸ் நாட்டிலிருந்தே பதில் தருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து எந்தப் பிள்ளை தாய்மொழியில் பேசுகிறதோ அதன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி! அப்படி அவமானப்படுத்தப்பட்ட மொழி தேய்ந்து தேய்ந்து வந்தது. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், சாண்டர்ஸ் லூயிஸ் என்ற எழுத்தாளர் வானொலியில் பேசினார். பேச்சின் பொருள், வேல்ஸ் மொழியின் தலைவிதி. இப்போதைய போக்கு நீடித்தால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மொழி செத்துவிடும் என்று அடித்துச் சொன்னார். கேட்ட இளைஞர்கள் அந்த ஆண்டிலேயே மொழிச் சங்கம் அமைத்தார்கள், ஆங்கிலம் மட்டுமே எழுதிய பலகைகளுக்கு எதிராகப் போராடினார்கள், சிறை சென்றார்கள். 1967-ல் ஒரு சட்டம், 1993-ல் ஒரு சட்டம், 2011-ல் வேல்ஸ் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,38,000 பேர் அம்மொழியைப் பேசுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைவுதான், கவலை தீரவில்லைதான். ஆனால் செத்துவிடும் என்ற காலத்தில் அந்த மொழி சாகவில்லை!

ஒரு குளிர்கால இரவில் ஓர் எழுத்தாளர் ஆற்றிய ஒரு பேச்சு. அதற்கு இவ்வளவு வலிமை. பேச்சு காற்றோடு போகும் என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வலிமை உள்ள பொருள் என்றால் அதை விலைக்கு வாங்க ஆள் வருவான். பேச்சுக்கு வலிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், மேடைக்கு வாடகை தருவது யார் என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடுகிறது.

பணப்பெட்டியின் மீது ஒரு கேள்வி

2002-ஆம் ஆண்டு ஹே விழாவுக்கு நெஸ்லே நிறுவனம் பணம் தர முன்வந்தது. ஏழை நாடுகளில் அந்த நிறுவனம் குழந்தைப் பால் மாவை விற்ற முறை பற்றி நெடுங்காலமாகக் கண்டனம் இருந்துவந்தது. அதைக் காரணம் காட்டி ஜெர்மைன் கிரீர், ஜிம் கிரேஸ் ஆகிய எழுத்தாளர்கள் அந்த ஆண்டு மேடை ஏற மறுத்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. இம்முறை பெய்லி கிஃபோர்டு என்ற முதலீட்டு நிறுவனம். எடின்பரோ நகரத்துப் பெரும் பணப்பெட்டி. பிரிட்டனின் இலக்கிய விழாக்கள் பலவற்றுக்கும் அதுவே புரவலர். 2023-ல் எடின்பரோ புத்தக விழாவுக்கு வருவதாக இருந்த கிரேட்டா துன்பர்க் என்ற இளம் பெண், அந்த நிறுவனம் நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களில் பணம் போட்டிருப்பதைச் சொல்லி வர மறுத்தார். எழுத்தாளர்களும் புத்தகத் தொழிலில் உள்ளவர்களும் ஓர் அமைப்பாகத் திரண்டு, எண்ணெய்த் தொழிலிலிருந்தும் இஸ்ரேலோடு தொடர்புடைய நிறுவனங்களிலிருந்தும் முதலீட்டை எடுக்கும்படி கேட்டார்கள். தங்கள் வாடிக்கையாளர் பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் அத்தகைய எரிபொருள் தொழிலில் இருக்கிறது என்றது நிறுவனம். 2024 மே மாதத்தில் ஹே மேடையிலிருந்து சிலர் விலகினார்கள். விழா தொடங்கிய கையோடு, அந்த நிறுவனத்தின் ஆதரவை நிறுத்தி வைப்பதாக ஹே விழாவினர் அறிவித்தார்கள். சில வாரங்களுக்குள் அந்த நிறுவனம் மற்ற இலக்கிய விழாக்களிலிருந்தும் வெளியேறிவிட்டது.

இங்கே இரு கட்சி. ஒரு கட்சி சொல்கிறது: 'காசு எங்கிருந்து வந்தால் என்ன? அது கணக்குப் புத்தகத்தில் தூங்கியிருப்பதைவிட இலக்கியத்துக்கு வருவது மேலல்லவா? மேடையே இல்லாமல் போனால் உங்கள் கொள்கையை எங்கே நின்று பேசுவீர்கள்?' மறு கட்சி சொல்கிறது: 'எங்கள் நல்ல பெயரை வாங்கித் தன் மேல் பூசிக்கொள்ளத்தான் அவன் காசு தருகிறான். பெயரை விற்ற பிறகு எதைப் பேசுவது?'

இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதல் கட்சியை நாம் ஏளனம் செய்யமாட்டோம். கூடாரம் போடுகிறவனுக்குக் கூலி தர வேண்டும். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு வேண்டும். பொதுக்கூட்டம் நடத்திக் கடன்பட்ட தோழர் யாரையேனும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

ஆனால் இரு கட்சியாரும் பேச மறந்த ஒரு செய்தி உண்டு. எழுத்தாளனின் வயிறு! பிரிட்டனில் எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டோரின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2006-ல் நடுத்தர வருமானம் 12,330 பவுன். 2022-ல் அது 7,000 பவுன்! விலைவாசி ஏறியது, வருமானம் பாதாளத்தை நோக்கி இறங்கியது. 2016 ஜனவரியில் பிலிப் புல்மன் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், எழுத்தாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர், ஆக்ஸ்போர்டு இலக்கிய விழாவின் புரவலர் பதவியைத் தூக்கி எறிந்தார். காரணம் என்ன? கூடாரக்காரனுக்குக் காசு, அச்சடிப்பவனுக்குக் காசு, உணவு தருபவனுக்குக் காசு. யாருடைய பேச்சைக் கேட்கக் கூட்டம் வருகிறதோ அவனுக்கு மட்டும் காசு இல்லை! 'விளம்பரம் கிடைக்கிறதே, போதாதா?' என்றார்கள். விளம்பரத்தை உலையில் போட்டால் சோறாகுமா? உழைப்புக்குக் கூலி என்பது ஆலைக்கும் பொருந்தும், அரங்குக்கும் பொருந்தும்.

பென்னி கட்டிய நூலகம்

சரி, பெரும் பணக்காரன் இல்லாவிட்டால் புத்தகமும் பேச்சும் வாழவே முடியாதா? ஹே ஊரிலிருந்து கருமலைகளைத் தாண்டித் தெற்கே ஏறத்தாழ இருபது மைல் நேர்க்கோட்டில் சென்றால் டிரெடிகார் என்ற ஊர் வரும். விடை அங்கே இருக்கிறது.

தெற்கு வேல்ஸ் நிலக்கரி நாடு. 1920-ல் அங்கே சுரங்கங்களில் இறங்கியோர் 2,70,000 பேருக்கும் மேல். அவர்கள் வாழ்வு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சான்று போதும். 1913 அக்டோபர் 14-ஆம் நாள் செங்கெனித் என்ற ஊரின் சுரங்கத்தில் வெடிவிபத்து. 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். வழக்கு நடந்தது. சுரங்க மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுன்! ஓர் உயிரின் விலை என்ன என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த மனிதர்கள், உடம்பெல்லாம் கரி அப்பிய அந்த மனிதர்கள், வாரக் கூலியிலிருந்து ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று கொடுத்துத் தொழிலாளர் மன்றங்களைக் கட்டினார்கள். மன்றத்திலே நூலகம், படிப்பறை, சொற்பொழிவு மண்டபம். 1930-களின் நடுவில், நாட்டையே வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டிய நாளில், தெற்கு வேல்சில் நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் நூலகங்கள் இருந்தன. எந்தப் புத்தகம் வாங்குவது என்று தீர்மானித்தது எந்தச் சீமானும் அல்ல, தொழிலாளர் குழு! பகலெல்லாம் கரி வெட்டியவர்கள் இரவில் கூடி, தத்துவமா, நாவலா, பொருளாதாரமா என்று வாதாடினார்கள்.

டிரெடிகாரில் அந்த நூலகத்திலே வளர்ந்த ஒரு பையன் உண்டு. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினான். அவனுக்குத் திக்குவாய். ஒரு சொல் தடுக்கினால் அதே பொருள் தரும் மற்றொரு சொல்லைப் போட்டுத் தாண்டிவிடுவான். அதற்காகவே சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்தான். திக்கிய வாய் பிற்காலத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டையே நடுங்க வைத்த வாய் ஆயிற்று. அவர்தாம் அனைரின் பெவன்! தம் ஊர்த் தொழிலாளர்கள் காசு சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தை முன்மாதிரியாக வைத்து, 1948 ஜூலை 5-ஆம் நாள், பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவர். பென்னி கொடுத்த தொழிலாளிகளுக்குக் கிடைத்த வட்டி எவ்வளவு பெரிது பாருங்கள்!

கருமலையின் இன்னொரு பக்கத்தில் பாண்டி என்று ஒரு கிராமம். அங்கே ரயில்வே சிக்னல் கூண்டில் வேலை செய்த தொழிலாளியின் மகன் ரேமண்ட் வில்லியம்ஸ். கேம்பிரிட்ஜில் படித்தவர். படித்ததும் சீமான்களுக்குப் பாடம் சொல்லப் போய்விடவில்லை. 1946 முதல் பதினைந்து ஆண்டுகள் முதியோர் வகுப்புகளில், வேலை முடிந்து வரும் மக்களுக்கு இலக்கியம் கற்பித்தார். பண்பாடு என்பது மேட்டுக்குடியின் அலமாரிப் பொருள் அன்று, அன்றாட மனிதரின் அன்றாட வாழ்வு என்று 1958-ல் எழுதினார். அவர் கண் மூடியது 1988 ஜனவரியில். ஹே விழா பிறந்ததும் அதே 1988-ல்!

நமக்கே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி

இங்கே நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 'பார், தொழிலாளி பென்னியால் எல்லாம் முடியும்' என்று கைதட்டிவிட்டுப் போய்விட்டால் கதை பாதியில் நின்றுவிடும். அந்த நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்கள் இன்று எங்கே?

சுரங்கங்கள் மூடப்பட்டன. கூலி நின்றது, கூலி நின்றதும் பென்னி நின்றது, பென்னி நின்றதும் நூலகம் நின்றது. பல நூலகங்களின் புத்தகங்கள் பழைய புத்தக வியாபாரிகளுக்குப் போயின. சில குப்பைக்கே போயின. எஞ்சியவற்றைத் தேடி அலைந்து சேர்த்து, 1973-ல் சுவான்சியில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். அது ஒன்றுதான் ஆறுதல்.

இன்னொன்றையும் மறைக்காமல் கேட்போம். 2024-ல் எழுத்தாளர்கள் வேண்டாம் என்று தள்ளிய பணத்தின் மேல் நிலக்கரி, எண்ணெய்க் கறை இருந்தது. டிரெடிகார் நூலகத்துப் பென்னியும் நிலக்கரியிலிருந்து வந்ததுதானே? அதை மட்டும் எப்படிப் போற்றலாம்?

போற்றலாம். கரி வெட்டியவன் தந்தது கூலியிலிருந்து. நுரையீரலைத் தேய்த்துச் சம்பாதித்ததிலிருந்து. பங்குச் சந்தைக்காரன் தருவது லாபத்திலிருந்து. தன் பெயருக்கு மெருகேற்றும் செலவுக் கணக்கிலிருந்து. முன்னவன் தன் பெயரை வளைவில் எழுதச் சொல்லவில்லை. பின்னவன் எழுதாமல் தரமாட்டான். இரண்டும் நிலக்கரிக் காசுதான், ஆனால் ஒன்றாகுமா?

அந்தச் சுரங்க வரலாற்றிலேயே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதைத்தான் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1920-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு பென்னி வீதம் சுரங்க முதலாளி கட்டியாக வேண்டும். அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கு. மன்றங்களும் மண்டபங்களும் விளையாட்டுத் திடல்களும் அதிலிருந்து எழுந்தன. தொழிலாளி மனமுவந்து தந்த பென்னி ஒரு பக்கம். முதலாளியிடம் சட்டம் வாங்கிய பென்னி மறுபக்கம்!

தானம் வேறு, தீர்வை வேறு. தானம் தருகிறவன் மேடையில் நாற்காலி கேட்பான். தீர்வை கட்டுகிறவன் கேட்க முடியாது. தானத்தை அவன் நினைத்தபோது நிறுத்தலாம். 2024-ல் பார்த்தோமே, எத்தனை விழாக்களிலிருந்து எத்தனை விரைவாக விலகினான்! தீர்வையை அவன் விருப்பப்படி நிறுத்த முடியாது. தானம் கேட்கக் கை நீள வேண்டும். தீர்வை கேட்கக் கை உயர்ந்தால் போதும்.

அந்தத் தீர்வையின் தம்பிதான் பொது நூலகம். வரிப் பணத்தில் நடப்பது. எவனுக்கும் வணக்கம் போடாமல் எவரும் நுழையலாம். அந்த பிரிட்டனிலேயே 2010 முதல் 2019 வரை ஏறத்தாழ 800 பொது நூலகங்களை மூடிவிட்டார்கள். 'சிக்கனம்' என்றார்கள். ஒரு பக்கம் நூலகத்தின் கதவை அடைப்பது. மறுபக்கம் புரவலர் பெயர் பொறித்த இலக்கிய விழாவுக்கு வளைவு கட்டுவது. விழா நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் விழா என்பது ஆண்டில் சில நாள். நூலகம் என்பது ஆண்டு முழுவதும். விருந்து வைத்துவிட்டு அடுப்பை உடைத்துவிடுவதா?

நாம் செய்யக் கூடியது

ஹே விழாவைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ரயில் நின்றுபோன ஒரு சிற்றூர் புத்தகத்தைக் கொண்டு எழுந்து நின்றதைக் கண்டு மகிழ்கிறோம். குளிரிலே நடுங்கிக்கொண்டு, கேட்பதற்காகவே காசு கொடுத்து வரிசையில் நிற்கும் மக்களைக் கண்டு பெருமைப்படுகிறோம். காசு வேண்டாம், கொள்கை வேண்டும் என்று மேடையை விட்டு இறங்கிய எழுத்தாளர்களையும், கொள்கை இருக்கட்டும், கூலி எங்கே என்று கேட்ட எழுத்தாளரையும் ஒருங்கே பாராட்டுகிறோம். முன்னவர் கேள்வியும் பின்னவர் கேள்வியும் ஒரே கேள்வியின் இரு முனைகள்தாம்.

நம் தெருவுக்குத் திரும்புவோம். கீற்றுக் கொட்டகையிலோ ஓட்டுக் கட்டடத்திலோ நாம் நடத்தும் படிப்பகத்துக்கு எழுத்தாளர் ஒருவரை அழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துக் கட்டணம் யார் தந்தது என்று கேளுங்கள். அவர் கையிலிருந்து செலவழித்து வந்திருந்தால் அந்தப் படிப்பகத்துக்கு அது பெருமையன்று. மாலை வாங்கும் காசில் அவர் புத்தகத்தை வாங்குங்கள்; மாலை மறுநாள் வாடும், புத்தகம் வாடாது. செலவுக்குத் துண்டேந்துங்கள், ஒருவர் தரும் ஆயிரத்தைவிட ஆயிரம் பேர் தரும் ஒவ்வொரு ரூபாய் மேல். ஆயிரம் தந்தவர் அடுத்த கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்று சொல்ல வருவார். ஒரு ரூபாய் தந்தவர் என்ன பேசினார்கள் என்று கேட்க வருவார்.

அதோடு நிற்காதீர்கள். ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா, வேலை முடிந்து வருகிறவன் உள்ளே நுழைய முடிகிறதா, போன ஆண்டு எத்தனை புத்தகம் வாங்கினார்கள் என்று கேட்டு மனுப் போடுங்கள். அது பிச்சையன்று. வரி கட்டியவன் கணக்குக் கேட்கிறான், அவ்வளவுதான்.

டிரெடிகாரில் திக்குவாய்ப் பையனுக்குச் சொற்களஞ்சியத்தை எடுத்துத் தந்த நூலகத்தின் வாசலில் எந்தச் சீமானின் பெயரும் தேவைப்படவில்லை. அந்தப் பையன் பேசக் கற்றான். ஒரு நாட்டுக்கே மருந்து கிடைத்தது. நம் படிப்பகத்தின் மூலையிலும் இன்று ஒரு பையன் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு. அவன் ஏறப் போகும் மேடைக்கு நாமே வாடகை கட்டி வைப்போம்.